எரியோடு ஜக்கம்மாளின் ஆனைப்பிடில்

எரியோடு ஜக்கம்மாள் காலை ஆறு மணிக்கு வாசித்த பாட்டு, திண்டுக்கல்லுக்கு அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வந்து சேரும். பதின்மூன்று மணி நேரம். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனதில்லை. வத்தலக்குண்டில் மறுநாள் பொழுது சாயக் கேட்கும், பழனியில் அதற்கும் மறுநாள். வாசிக்கிற இடத்தில் மட்டும் ஒன்றும் கேட்காது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு பெண்பிள்ளை ஆள் உயர மரச்சாமானைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாலு தடித்த தந்திகளை வெறுமனே சுண்டுகிற மாதிரித்தான் இருக்கும். இதை அதிசயம் என்று சொல்லித் திண்டுக்கல்லில் யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை. கடுதாசியும் போட்ட அன்றைக்கே வந்துவிடுகிறதா என்ன என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வெங்காய விலையைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாத்தியம் திண்டுக்கல்லுக்கு வந்தது 1956-ல். கொடைக்கானலை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசாணியின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி வந்த லாரி வத்தலக்குண்டில் படுத்துவிட, அங்கேயே ஏலம் போட்டார்கள். பாண்டு செட் வைத்திருந்த அப்துல் சுக்கூர் ராவுத்தருக்கு வேண்டியிருந்தது இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள்தான். விளக்கோடு இதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஏலக்காரன் பிடிவாதம் பிடித்ததால் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். பிடில் மாதிரி இருந்தது, ஆனால் ஆனைக்குப் பிறந்த பிடில் மாதிரி இருந்தது. ஆகவே அதற்கு ஆனைப்பிடில் என்று பெயர் விழுந்தது. செட்டில் இருந்த ஏழு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு தரம் சுண்டிப் பார்த்து, சத்தமும் வராமல் விரலும் கொப்பளித்து, கடைசியில் தங்கள் ஜரிகை கோட்டுகளை மாட்டுகிற ஸ்டாண்டாக அதைக் கொட்டகை மூலையில் நிறுத்தினார்கள்.

ஜக்கம்மாளுக்கு அப்போது இருபது வயசு. தாயில்லாப் பிள்ளை. அப்பா நாச்சிமுத்துவுக்கு எரியோட்டில் குளத்தை ஒட்டி முக்கால் ஏக்கர் மல்லிகை. விடியுமுன் மொட்டாகப் பறித்து, முதல் பஸ்ஸில் கூடையோடு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வந்து, மீந்ததைத் தொடுத்துக் கல்யாண வீடுகளுக்கும் பாண்டு செட் மாலைகளுக்கும் கொடுத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவது அவள் வழக்கம். ஒரு நாள் ராவுத்தர் கொட்டகையில் இடமில்லாமல் கூடையை ஆனைப்பிடிலின் கழுத்தில் மாட்டினாள். பிரம்பு தந்தியில் உரசியது. சத்தம் ஏதும் வரவில்லை, ஆனால் அவளுடைய உள்ளங்காலில் என்னவோ ஏறியது. கூடையை இறக்கி வைத்துவிட்டு விரலால் சுண்டினாள். பத்து வருஷம் கிணற்றுக் கயிறு இழுத்த விரல் அது, கொப்பளிக்கவில்லை. அடுத்த நாளும் வந்தாள். சத்தம் வராத வாத்தியத்தை யார் வாசித்தால் நமக்கென்ன என்று ராவுத்தர் விட்டுவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அவர் நல்ல மனுஷர். யார் மனசும் கோணக் கூடாது என்று நினைக்கிறவர். அதுதான் பின்னால் அத்தனை வருஷக் கஷ்டத்துக்கும் காரணமாயிற்று.

மாலை நாலு மணிக்கு அவள் கொட்டகையில் வாசித்தது மறுநாள் விடிகாலை ஐந்துக்கு எரியோட்டில் கேட்டது. அந்த வருஷம்தான் ஊருக்கு எலெக்ட்ரிக் மோட்டார் வந்திருந்தது. தரைக்குள்ளிருந்து கும் கும் என்று வருவது மோட்டார் சமாச்சாரம் என்று ஊரார் முடிவு கட்டினார்கள். ஆடுகள் மட்டும் அசை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டன. ஜக்கம்மாள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தவள், கை அப்படியே நின்றுபோய், அது தான் நேற்றுச் சுண்டிய சந்தம் என்று கண்டுகொண்டாள். நேற்று எங்கே தப்பினாளோ அங்கேயே இப்போதும் தப்பியது. ஒரு வாரம் கணக்குப் பார்த்தாள். அவளுக்கு இதில் குழப்பமே வரவில்லை. மல்லிகையைச் செடியில் விரியவிட்டால் குப்பை. மொட்டாகக் கிள்ளி அனுப்பினால்தான் சாயங்காலம் போன இடத்தில் விரியும். இந்தத் தந்தியும் அந்த ஜாதிதான் என்று புரிந்துகொண்டாள். ராவுத்தரிடம் போய், வெள்ளிக்கிழமை நாகல் நகர் கல்யாண வரவேற்பு ஏழு மணிக்கென்றால் தன்னை அன்று காலை ஆறு மணிக்கு எரியோட்டில் வாசிக்க விடும்படி கேட்டாள். விளையாட்டாகத்தான் அவர் சரி என்றார். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கிளாரினெட் எடுத்ததும் பந்தலுக்கு அடியிலிருந்து கனத்த நாதம் எழும்பி ஜனங்களின் நெஞ்சுக்கூட்டில் உட்கார்ந்தது. இலையில் வைத்திருந்த அப்பளங்கள் நடுங்கின. மாப்பிள்ளையின் தாய்மாமன் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து தாளம் போட்டார்.

செய்தி எரியோட்டுக்குப் போனது வேறு விதமாக. ஏழு ஆம்பளைகளுக்கு நடுவே உன் மகள் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று யாரோ நாச்சிமுத்துவிடம் சொன்னார்கள். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "மரத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறவ பேரு எனக்கு மறந்து போச்சு" என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை. யாராவது விசாரித்தால், டவுனில் இருக்கிறது என்பார். நாயையோ பசுவையோ சொல்கிற மாதிரி. ஜக்கம்மாள் திண்டுக்கல்லுக்கு வந்து ராவுத்தரின் தங்கை ஜெய்தூன் பீவியின் வீட்டு மாடியறையில் குடியேறினாள். ஜெய்தூன் பீவி விதவை, தனி ஆள். வாடகைக்குப் பதிலாகத் தினம் ஒரு முழம் பூவும் வாரம் ஒரு புதுப் பாட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்.

பாட்டு என்றால் அவளே கட்டியது. அதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மற்றவர்கள் பாட்டுக்குத்தான் அடிநாதம் போட்டாள். 1959-ல் சுருளிவேல் வந்து சேர்ந்தான். கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்து, பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் கிடார் கற்றவன். அவன் கொண்டுவந்ததுதான் ராக் அண்ட் ரோல். கிளாரினெட்காரர் கோபித்துக்கொண்டு போனார். ட்ரம்ஸ் வந்தது. ஜக்கம்மாளுக்கு அந்தச் சந்தம் உடனே பிடித்துக்கொண்டது. எரியோடு பஸ் குழியில் இறங்கி ஏறுகிற மாதிரியே இருக்கிறது என்றாள். அதற்கு அவளே வார்த்தை கட்டினாள். கூடைக்காரிகளைக் கண்டால் நிறுத்தாத பஸ்ஸைப் பற்றி ஒன்று, கிணற்றுக் கயிற்றைப் பற்றி ஒன்று, சிறுமலையிலிருந்து வாழைத்தார் சுமந்து இறங்குகிறவனின் கெண்டைக்காலைப் பற்றி ஒன்று.

நிக்காமப் போற பஸ்ஸே
எங் கூடைய மட்டும் ஏத்திக்கோ
நான் நடந்து வாரேன் பின்னால

இதைப் பாடாத ஆள் அப்போது திண்டுக்கல்லில் இல்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் பாடினார்கள், பூட்டுப் பட்டறையில் ராவுகிற அரத்தை இதன் சந்தத்துக்கு இழுத்தார்கள், பிரியாணிக் கடையில் தம் போட்டுவிட்டு மூடியில் தட்டினார்கள்.

வேலை கடுமையான வேலை. கச்சேரிக்கு முந்தின நாள் கடைசி பஸ்ஸின் கூரையில் ஆனைப்பிடிலைக் கயிறு போட்டுக் கட்டி எரியோட்டுக்குப் போவாள். ராமுத்தாய் என்ற பூக்காரியின் வீட்டில் படுத்திருந்து, விடியும்போது வறண்ட குளத்துக்குள் இறங்கி, யாருக்கும் கேட்காத ஆறு பாட்டை வரிசை மாறாமல் வாசிப்பாள். கூடப் பாடுவதற்கு ஆள் கிடையாது, கூட அடிப்பதற்கு ட்ரம்ஸ் கிடையாது. எல்லாம் அவள் தலைக்குள் ஓட வேண்டும். தப்பினால் திருத்த முடியாது. போனது போனதுதான். முதல் பஸ்ஸில் வாத்தியத்தோடு திரும்பிவிடுவாள். சாயங்காலம் மற்றவர்கள் அவள் அனுப்பிய கணத்துக்குச் சரியாகத் தொடங்க வேண்டும். சுருளிவேல் இதற்கென்றே ஒரு கைக்கடிகாரம் வாங்கினான். ஜில்லாவிலேயே நேரம் தவறாத பார்ட்டி சுக்கூர் ராவுத்தர் பார்ட்டி என்று பெயர் வந்தது. குளத்தங்கரைக்கு அந்தப் பக்கம் அதே நேரத்தில் நாச்சிமுத்து மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பறிப்பார். அவள் எரியோட்டிலிருந்தே வாசித்ததால் அந்த ஊரில் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. மகள் சத்தமே வராத வாத்தியத்தை வாசிக்கிறாள் என்று ஊர் சிரித்தபோது அவர் சேர்ந்து சிரிக்கவுமில்லை, சண்டைக்குப் போகவுமில்லை.

கேட்காமல் தவறவிட்டவர்கள் மறுநாள் வத்தலக்குண்டு பஸ் ஏறிப் போய்க் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்துக்கு டீக்கடைகளில் கூட்டம் கட்டியது. பழனியிலிருந்து ஒரு லாட்ஜ் முதலாளி நேரிலேயே வந்தார். "ஏனுங்க, பாட்டுல குத்தமில்லீங்க. ஆனா அது வந்துட்டா பஞ்சாமிர்தம் பிசையற ஆளுங்க கை அதுக்குத் தக்கன ஓடுது. பழம் கூழாப் போகுதுங்க. கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஜக்கம்மாள் பழனிக்காக வாரத்தில் ஒரு பாட்டை மெதுவாக வைத்தாள். அவளைப் போல் பரந்த மனசுள்ள கலைஞரை அந்தக் காலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் அதை வாசிப்பது இவள்தான் என்று திண்டுக்கல் ஜனங்களுக்குத் தெரியாது. ராவுத்தருக்கு ஒரு பழக்கம். கச்சேரி முடிவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாத்தியத்தின் மேலும் கை வைத்து, வாசித்தவரின் பெயரைச் சொல்வார். ட்ரம்ஸ் மேல் கை வைத்து ஒரு பெயர், கிடார் மேல் கை வைத்து சுருளிவேல். ஆனைப்பிடில் மேடை ஓரத்தில் சும்மா நிற்கும், அதன் மேல் கை போகாது. பொம்பளை பெயரை மைக்கில் சொன்னால் கல்யாண வீட்டுக்காரர்கள் சங்கடப்படுவார்களே என்று அவருக்குப் பயம். அடிநாதத்தைப் பற்றி யாராவது கேட்டால், நம்ம குழுவின் ஏற்பாடு என்று பொதுவாகச் சொல்வார். பாட்டு யார் கட்டியது என்றாலும் அதே பதில். அவள் மேடையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லாதது அவருக்குத் தோதாகப் போய்விட்டது. பெண்கள் பக்கத்தில் ஜெய்தூன் பீவியின் அருகே உட்கார்ந்து, காலையில் தான் அனுப்பியது பத்திரமாக வந்து சேர்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் வேறு எதுவும் கேட்டதில்லை, இதை மட்டும்தான் கேட்டாள். "பாய், ஒரே ஒரு வாட்டி எம்பேர மைக்குல சொல்லுங்க. எங்கப்பாவுக்கு எம்பேரு மறந்து போச்சாம். நாலு பேரு முன்னால சொன்ன பேர அப்படி மறந்துர முடியாதுல்ல."

அடுத்த கச்சேரியில் சொல்கிறேன் ஆத்தா என்றார் ராவுத்தர். மனசாரத்தான் சொன்னார். அடுத்த கச்சேரியிலும் அதையே சொன்னார். இப்படி ஏழு வருஷம் போயிற்று.

1964 சித்திரையில் திண்டுக்கல்லில் பொருட்காட்சி திறந்தார்கள். திறப்பு விழா ஆறு மணிக்கு, பிரமுகர் விளக்கேற்றியதும் ராவுத்தர் பார்ட்டியின் ராக் அண்ட் ரோல். பிரமுகர் யாரென்பது இங்கே முக்கியமில்லை. பிரமுகர்கள் எல்லோரையும் போல அவரும் நேரத்துக்கு வரவில்லை. நம் ஊர்க் கூட்டங்களில் அது ஒரு மரியாதை. சீக்கிரம் வந்தால் ஆள் சின்னவராகிவிடுவார். உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்த சுக்கூர் ராவுத்தர் இதை நினைத்துப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டு முகூர்த்தத்துக்கே வாசித்துப் பழகியவர். ஐந்தே முக்காலுக்கு விழாக் குழுவினர் வந்து, பெரியவர் வருகிற வரை மேடையில் ஆள் ஏறக் கூடாது, சத்தம் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சுருளிவேல் கடிகாரத்தைக் காட்டினான். ராவுத்தருக்கு வேர்த்துக் கொட்டியது. காலை ஐந்து மணிக்கே எரியோட்டிலிருந்து பாட்டு கிளம்பியாகிவிட்டது, இனி அதைத் தடுக்க எந்தக் குழுவாலும் முடியாது.

ஆறு மணி அடித்தது. ஆளில்லாத மேடைக்கு முன்னால், நாலாயிரம் பேர் உட்கார்ந்திருந்த தரையிலிருந்து ஆனைப்பிடில் தொடங்கியது. கிடார் இல்லை, ட்ரம்ஸ் இல்லை, பாடுகிற குரல் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இத்தனை வருஷம் கிடந்த நாதம் தன்னந்தனியாக வந்தது. ஜெனரேட்டர் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு தோல் ஷாப்காரர் மெதுவாக, நிக்காமப் போற பஸ்ஸே என்று எடுத்தார். பக்கத்திலிருந்தவர் சேர்ந்துகொண்டார். இரண்டாவது அடிக்குள் நாலாயிரம் பேரும் பாடினார்கள். வார்த்தை ஜனங்களுடையது, அதைத் தாங்கிப் பிடித்தது அவளுடையது. நாற்பது நிமிஷம், ஆறு பாட்டு. விழாக் குழுவினர் யாரைத் தடுப்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் ஓடினார்கள். பாட்டு எதன் மேல் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. கிடாரில்லாமல் பாட்டு இருந்தது. இது இல்லாமல் என்றைக்கும் இருந்ததில்லை.

முடிந்ததும் வாசித்தது யார் என்று நாலா பக்கமும் கேட்டார்கள். ராவுத்தர் மேடையேறி மைக்கைப் பிடித்து, நம்ம குழுவின் ஏற்பாடு என்று ஆரம்பித்தார். கூட்டத்தின் நடுவில் கூடையோடு எழுந்து நின்றாள் பூக்காரி ராமுத்தாய்.

"ஏன் பாய், பேரச் சொன்னா வாய் வெந்துருமா? காலம்பற குளத்துக்குள்ள ஒத்தையில நின்னு அம்புட்டையும் வாசிச்சா. நான் கண்ணால பாத்தேன். இங்கதான் உக்காந்திருக்கா. அவளக் கூப்பிட்டுச் சொல்லும்."

எல்லோர் தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது. ஜெய்தூன் பீவி அவள் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். ஜக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு நடந்தாள். ராவுத்தருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பிறகு ஆனைப்பிடிலின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை வருஷமாக வாசித்ததும் இந்தப் பாட்டெல்லாம் கட்டியதும் எரியோடு ஜக்கம்மாள் என்று மைக்கில் சொன்னார். மணி ஏழு.

அவள் வாத்தியத்தைத் தோளில் சாய்த்து அங்கேயே ஒரு புதுப் பாட்டு வாசித்தாள். அது அங்கே கேட்காது என்று அவளுக்கும் தெரியும், நாலாயிரம் பேருக்கும் தெரியும். ஒருவர் எழுந்திருக்கவில்லை. சத்தம் வராத நாலு தந்தியில் அவள் விரல் போகிற இடத்தை, எட்டு நிமிஷம், இருமல்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிரமுகர் கார்களோடு வந்து இறங்கினார். யாரும் திரும்பாததால் அவரும் ஓரமாக நின்று பார்த்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எரியோட்டில், நாச்சிமுத்துவின் மல்லிகைச் செடிகளுக்கு அடியிலிருந்து சுக்கூர் ராவுத்தரின் குரல் வந்தது. வாத்தியத்தின் மேல் கை வைத்துச் சொன்னதால் தந்தி அந்தக் குரலையும் வாங்கி அனுப்பிவிட்டது. தொண்டையைச் செருமியது முதற்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக வாசித்ததும் இந்தப் பாட்டெல்லாம் கட்டியதும் எரியோடு ஜக்கம்மாள். பூ எடுத்துக்கொண்டிருந்த எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் குனிந்தபடியே இருந்தார். அப்புறம் அந்தப் புதுப் பாட்டு வந்தது. விடியுமுன் மொட்டுக் கிள்ளுகிற சந்தம் அது. இரண்டு கிள்ளு, கூடையில் ஒரு போடு, மறுபடி இரண்டு கிள்ளு. அந்தத் தோட்டத்தில் அப்படிப் பறிக்கிறவர்கள் இரண்டே பேர், அவரும் அவர் கற்றுக்கொடுத்த மகளும். எட்டு நிமிஷமும் அவர் நிமிரவில்லை. முடிந்ததும் மடியில் இருந்த மொட்டைக் கீழே கொட்டிவிட்டு, சேற்றுக் காலோடு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினார்.

வெட்டுக் குத்து நடக்கப் போகிறது என்று ராமுத்தாயும் இன்னும் இரண்டு பேரும் அதே பஸ்ஸில் பின்னால் போனார்கள். கொட்டகையில் ராவுத்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜக்கம்மாள் மூலையில் உட்கார்ந்து தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து அந்தப் பக்கம் பார்க்காமல் நேராக ராவுத்தர் முன்னால் போய் நின்றார்.

"ராவுத்தரே, என்ன இப்படிச் சொல்லிப்புட்டீக? எரியோடு ஜக்கம்மாள்னு மொட்டையாச் சொன்னா எந்த ஜக்கம்மான்னு தெரியும்? எங்க ஊர்ல நாலு ஜக்கம்மா இருக்கு. நாச்சிமுத்து மக ஜக்கம்மான்னு சொல்ல வேணாமா?"

ஏழு வருஷம் வராத பெயர் ஒரே மூச்சில் நாலு தரம் வந்துவிட்டது. ராவுத்தர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தப்புத்தான், இனிமேல் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார். மூலையிலிருந்து ஜக்கம்மாள் கேட்டாள்.

"சாப்டியாப்பா?"

"இல்ல" என்றார். அவள் எழுந்து ஜெய்தூன் பீவி கொடுத்தனுப்பிய தூக்குச் சட்டியைத் திறந்தாள். சோற்றைப் போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்னவென்று சொல்லி வைத்தாள். அவர் ஆனைப்பிடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாள் எரியோட்டில் வாசித்தால் ஒரு நாள் திண்டுக்கல்லில் வாசிப்பது என்று முறை வைத்துக்கொண்டாள். எரியோட்டு முறைக்கு இப்போது அப்பா வீட்டிலேயே தங்கினாள். பஸ் கூரையிலிருந்து வாத்தியத்தை இறக்க நாச்சிமுத்துவே வந்து நின்றார். திண்டுக்கல் முறையில் ராவுத்தர் மறக்காமல் வாத்தியத்தின் மேல் கை வைத்துச் சொல்வார். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மல்லிகைச் செடிக்கு அடியிலிருந்து, எரியோடு நாச்சிமுத்து மகள் ஜக்கம்மாள் என்று வரும். நாச்சிமுத்து ஐந்து நிமிஷம் முன்னாலேயே மோட்டாரை நிறுத்திவிடுவார். பூ எடுக்கிறவர்களுக்கும் அது செத்த நேரம் இடுப்பை நிமிர்த்திக்கொள்ள வசதியாக இருந்தது.